சாம்பிராணி மணந்தால் வெளியேறவும்

தியாகலிங்கம் சொல்லியிருந்தால் இந்தக் கதையை இப்படி நீட்டியிருக்க மாட்டார். "மாஸ்க்கைக் கழுவினது, அதால வந்த வில்லங்கம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டுத் தேநீர் கேட்டிருப்பார். ஒரு தொழிற்சாலை மூன்று தடவை பனிக்குள் ஓடிவந்து நின்றதும், தீயணைப்பு வண்டி வந்து போனதும், கடைசியில் ஒரு மூக்குக்கு விருது கொடுத்ததும் அந்த ஒரு மூச்சுக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கும். அவர் சுருக்கமாகப் பேசுகிற மனிதர். ஆகவே நீட்டுகிற பொறுப்பு மற்றவர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

ரெக்ஸ்டேலில் சமையலறை அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. அலுமாரிக் கதவுகளுக்கு வார்னிஷ் விசிறுவது. விசிறும் அறைக்குள் நிற்பவர்கள் மூக்கையும் வாயையும் மூடும் றப்பர் மாஸ்க் ஒன்றைப் போட வேண்டும். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு வட்ட பில்டர்கள் அதில் இருக்கும். வார்னிஷில் கலந்திருக்கும் தின்னரின் ஆவியை அந்த பில்டர்கள் உறிஞ்சிக்கொள்ளும், மனிதர் மிச்சக் காற்றைச் சுவாசிக்கலாம். பில்டரை மாற்றி, றப்பரைக் கழுவிக் கழுவி வருடக்கணக்காகப் பாவிக்கலாம்.

தியாகலிங்கத்தின் முகம் ஒடுங்கினது. நடு அளவு மாஸ்க்கைப் போட்டால் தாடைக்கும் றப்பருக்கும் இடையில் சுண்டுவிரல் போய் வரும். முதல் வருடம் அப்படித்தான் விரல் போகும் மாஸ்க்கைப் போட்டு இருமித் தள்ளினார். பிறகு களஞ்சியத்தின் அடித்தட்டில் சின்ன அளவு மாஸ்க் ஒன்று அகப்பட்டது. தொழிற்சாலையில் அந்த அளவில் இருந்தது அது ஒன்றே ஒன்றுதான். போட்டுப் பார்த்தார். முகத்தில் பல்லி ஒட்டினது போல ஒட்டியது. இருமலும் நின்றது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அந்த மாஸ்க் சாப்பாட்டுப் பையில் ஏறி, நெடுஞ்சாலை நெரிசலில் அவருடன் ஊர்ந்து, ஸ்காபரோவிலுள்ள வீட்டுக்கு வரும். பில்டர்களைக் கழற்றி அவர் பக்கத்தில் வைப்பார். மனைவி ரதி இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு றப்பரைக் கழுவிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கொழுவிவிடுவார். பின்னேரம் வீட்டுக்குச் சாம்பிராணி காட்டும்போது சாமிப்படங்களுக்குக் காட்டி, உடுப்பு அலுமாரிக்குக் காட்டி, கடைசியாக மாஸ்க்குக்கும் காட்டுவார்.

"இஞ்சேரும், உதுக்கு ஏன்?" என்று ஒருநாள் கேட்டார் தியாகலிங்கம்.

"உங்கட மூச்சுக்குக் காவல் நிக்கிற சாமான். உதுக்குக் காட்டாமல் வேற எதுக்குக் காட்டுறது?"

திங்கட்கிழமை மாஸ்க்கைப் போட்டால் முதல் ஒரு மணித்தியாலம் வீட்டு மணம் வரும். பிறகு மெல்ல மறைந்துவிடும். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லுகிற விஷயமாகவும் அது அவருக்குத் தோன்றவில்லை.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து வேரோனிக்கா வந்தார். அவருடைய பதவியின் பெயர் கதவில் ஒட்டிய தகட்டுக்குள் அடங்காமல் அடுத்த கதவுக்கும் போயிற்று. வந்த வாரமே தொழிலாளர்களைச் சாப்பாட்டு அறையில் கூட்டி வைத்துப் பேசினார். பக்கத்தில் லக்சிகா நின்றாள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மனிதவளப் பிரிவில் வேலை. தமிழில் சொல்ல வேண்டியதைச் சொல்வது அவள் பொறுப்பு.

"இதுவரை நீங்கள் மாஸ்க்கைப் பயன்படுத்தினீர்கள்" என்றார் வேரோனிக்கா. "பயன்படுத்துவது என்பது எவ்வளவு சுயநலமான சொல்! ஒரு மாஸ்க் அழுக்காவதற்கு முதன்மையான காரணம் எது என்று நீண்ட காலம் ஆராய்ந்தோம். அதிர்ச்சியடையாதீர்கள். காரணம், அதை அணிவதுதான்."

சுவாசக் கவச மேன்மை மையம் அப்படித்தான் பிறந்தது. விசிறும் அறைக்குப் பக்கத்து அறையை வெள்ளையடித்து, ஒவ்வொரு மாஸ்க்குக்கும் பெயர் எழுதிய தட்டு ஒன்று வைத்தார்கள். கழற்றுவது முதல் உலர்த்துவது வரை ஆறு படிகள். ஏழாவது படி, ஓய்வு. கழுவிய மாஸ்க் ஒரு முழு நாள் படுத்திருக்க வேண்டும். அது படுத்திருக்கும் அறைக்கு மிதமான சூடு ஏற்பாடு செய்திருந்தார்கள். சாப்பாட்டு அறையின் சூடேற்றி அந்தக் குளிர்காலம் முழுவதும் பழுது.

"எனக்கு நாரி பிடிச்சு நிமிர ஏலாமல் லீவு கேட்டனான், தரேல்லை" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. தியாகலிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று விசிறுபவர், அவரைவிட மூத்தவர், வேலையிடத்தில் சிரித்தே அறியாதவர். "உந்த றப்பருக்கு ஒருநாள் படுக்கை. தியாகு, அடுத்த பிறப்பில நான் மாஸ்க்காப் பிறக்கப் போறன் காணும்."

மாஸ்க்குகள் படுத்திருக்கும் நாளில் மனிதர்கள் தும்புத்தடியோடு நின்றார்கள். ஒரு நாள் வார்னிஷ், ஒரு நாள் கூட்டுவது. பூசாத கதவுகள் கூரைவரை அடுக்கப்பட்டன. ஆனால் மாஸ்க்குகளின் தூய்மை வீதம் ஏறிக்கொண்டே போனது என்று மையத்துச் சுவரில் ஒரு கோடு காட்டியது.

வார இறுதிகளில் வீட்டுக்குக் கொண்டுபோவதை மட்டும் அவர்கள் இன்னும் தடுக்கவில்லை. அது எந்தப் படியிலும் எழுதப்படாததால் யாருடைய கண்ணிலும் படவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் வேரோனிக்கா மூக்கைப் பற்றிப் பேசினார். மாஸ்க்குக்குள் மணம் வந்தால் பில்டர் முடிந்துவிட்டது என்று அர்த்தம், உடனே வெளியே வந்து அறிவிக்க வேண்டும் என்றார். அது சரியான சட்டம்தான். அவர் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

"எந்த மணமானாலும்!" என்று மேசையில் தட்டினார். "என்ன மணம், எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் யோசிக்கவே கூடாது. யோசிப்பதற்கு எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். மணப்பது மட்டுமே உங்கள் வேலை."

தியாகலிங்கம் சட்டம் என்றால் சட்டம் என்று நினைக்கிறவர். ஆளில்லாத சந்தியிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர். அடுத்த திங்கட்கிழமை மாஸ்க்கைப் போட்டார். வழக்கம்போல வீட்டு மணம் வந்தது. விசிறும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். யோசிக்கக் கூடாது என்பது உடனே ஞாபகம் வந்தது. கையைத் தூக்கினார்.

"என்ன காணும்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"மணக்குது அண்ணை."

"என்ன மணக்குது?"

"அதை யோசிக்கக் கூடாதாம்."

அபாய மணி அலறியது. தொழிற்சாலை முழுவதும் பார்க்கிங் லொட்டுக்கு ஓடியது. பெப்ரவரி மாதப் பனி. மேலங்கியை எடுக்கப் போகக் கூடாது என்பது இன்னொரு சட்டம். எல்லாரும் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு ஆளையாள் முட்டிக்கொண்டு நின்றார்கள். மாஸ்க்குகளை மட்டும் சூடான பெட்டியில் வைத்துத் தூக்கிவந்தார்கள்.

லக்சிகா ஓடிவந்தாள். "அங்கிள், யூ ஓகே? என்ன மாதிரி மணம் எண்டு வேரோனிக்கா கேக்கிறா."

"பிள்ளை, அது வந்து... என்ர மனிசி..."

"நோ நோ அங்கிள், காரணம் சொல்ல வேண்டாமாம். எது மாதிரி எண்டு மட்டும்."

தியாகலிங்கம் யோசிக்காமல் சொல்ல முயன்றார். "கோயில் மாதிரி."

லக்சிகா ஆங்கிலத்தில் சொன்னாள். வேரோனிக்காவின் முகம் வெளிறியது. ஒரு தொழிலாளிக்குக் கடவுள் சன்னிதி போல ஏதோ தெரிகிறதென்றால் தின்னர் ஆவி மூளைக்கு ஏறிவிட்டது என்று அவர் முடிவுகட்டி, தியாகலிங்கத்தைப் போர்வையால் சுற்றச் சொன்னார். அன்று அந்தக் குளிரில் போர்வை கிடைத்த ஒரே ஆள் தியாகலிங்கம்தான். அதையும் ஸ்ரீஸ்கந்தராசாவோடு பங்கிட்டுக்கொண்டார்.

மறுநாள் சீமோன் என்ற நிபுணர் வந்தார். எதைச் சொன்னாலும் அதைச் சொன்னதற்காகத் தனக்கே தலையாட்டுகிற மனிதர். விசிறும் அறையில் ஆவி அளக்கும் கருவியைப் பிடித்தார். பூச்சியம். மையத்தில் பிடித்தார். பூச்சியம். தியாகலிங்கத்தின் மாஸ்க்குக்குக் கிட்டப் பிடித்தார். அங்கும் பூச்சியம்.

"ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார் வேரோனிக்கா, சற்று ஏமாற்றத்தோடு.

"ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை" என்றார் சீமோன். "கருவிக்கு இன்னும் பெயர் தெரியாத ஒன்று இருக்கிறது. இது மிகவும் கவலைக்குரிய பூச்சியம்." தலையாட்டினார்.

தியாகலிங்கத்தின் மாஸ்க் தனிமைப்படுத்தப்பட்டது. கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் வைத்துப் பூட்டி, கண்காணிப்பில் உள்ளது என்று எழுதி ஒட்டினார்கள். அவருக்கு நடு அளவு மாஸ்க் ஒன்று கொடுத்தார்கள்.

"உது எனக்கு அளவில்லை" என்றார் அவர். தாடைக்குக் கீழே சுண்டுவிரலை விட்டு எடுத்தும் காட்டினார்.

"அங்கிள், ஐ நோ. ஆனா சிஸ்டத்தில நீங்கள் மீடியம் எண்டு மாத்திப்போட்டினம்" என்றாள் லக்சிகா. "உங்கட முகத்தைத் திருப்பி மாத்திறதுக்கு அப்ரூவல் வேணுமாம்."

அந்தக் கிழமையே இருமல் திரும்பி வந்தது. காரில் இருமினார். பேரங்காடி வரிசையில் இருமினார், முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் இருமினார், ரதி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தச் சின்ன மாஸ்க் எங்கை?"

"பெட்டிக்கை."

"ஏன் பெட்டிக்கை?"

"மணத்ததாம்."

"என்ன மணத்தது?"

தியாகலிங்கம் சோற்றைப் பிசைந்தார். ரதி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது.

"ஐயோ, என்ர சாம்பிராணியே?" என்று வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வெடித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கோ. மாஸ்க்கை வாங்கிக்கொண்டு வாங்கோ. உந்த இருமலோட நீங்கள் வேலைக்குப் போறது எனக்குப் பிடிக்கேல்லை" என்றார்.

உண்மையைச் சொல்வது தியாகலிங்கத்துக்குக் கடினமான காரியம் அல்ல. கேட்கவைப்பதுதான் கடினமாக இருந்தது. அவரை விசாரணைக் குழுவின் முன் உட்கார்த்தினார்கள். நடுவில் வேரோனிக்கா, வலப்பக்கம் சீமோன், இடப்பக்கம் லக்சிகா. மேசை நடுவில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் மாஸ்க். பார்த்தால் குற்றவாளி அதுதான் போலிருந்தது.

"என்ர மனிசி மாஸ்க்கைக் கழுவி, சாம்பிராணிப் புகை காட்டினவ. மரப்பிசின். நெருப்பில போட்டா வாசமா இருக்கும். அந்த வாசம் றப்பரில ஒட்டியிருக்கு. அவ்வளவுதான்."

லக்சிகா ஆங்கிலத்தில் சொன்னாள்.

"உங்கள் மனைவி" என்றார் வேரோனிக்கா மெதுவாக, "எந்தப் பிரிவில் வேலை செய்கிறார்?"

"அவ வீட்டில."

"அப்படியானால் அவர் காரணமாக இருக்க முடியாது. எங்கள் காரண அட்டவணையில் இயந்திரம் உண்டு, பொருள் உண்டு, மனிதத் தவறு உண்டு. மனைவி இல்லை."

"மனிதத் தவறில போடலாம் தானே?" என்றாள் லக்சிகா.

"ஊழியர் அல்லாதவருக்கு எங்கள் நிறுவனத்தில் தவறு செய்யும் உரிமை கிடையாது" என்றார் வேரோனிக்கா. பிறகு தியாகலிங்கத்தைக் கனிவோடு பார்த்தார். "ஐயா, உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையை மூடினோம். நிபுணரை அழைத்தோம். தலைமை அலுவலகத்துக்கு அபாயம் என்று எழுதினோம். இத்தனைக்குப் பிறகும் காரணம் ஒரு வாசனைப் புகை என்றால் நாங்கள் எதற்காக இருக்கிறோம்?"

தியாகலிங்கம் அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். விடை தெரிந்தது. அதைச் சொல்வது மரியாதையாகப் படவில்லை.

சீமோன்தான் வழி கண்டுபிடித்தார். பெட்டியைத் திறந்து, மாஸ்க்கை மூக்கருகே கொண்டுபோய் நீண்ட மூச்சாக இழுத்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. "இது அபாயம் அல்ல" என்றார். "இது ஒரு வாய்ப்பு."

மூக்கு வேலை செய்யாத தொழிலாளி மணம் வந்தாலும் அறிவிக்க மாட்டான், ஆகவே ஒவ்வொருவருடைய மூக்கும் விழித்திருக்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் உறுதிசெய்ய மாஸ்க்குக்குள் எப்போதும் ஒரு மணம் இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அதற்கு அடிப்படை மணம் என்று பெயரும் வைத்தார். அடிப்படை மணம் இருந்தால் நிலைமை பாதுகாப்பானது. அது மணக்காவிட்டால் மட்டுமே அபாயம். பழைய சட்டத்தைத் தலைகீழாக்கி அச்சடித்து ஒட்டினார்கள். 'சாம்பிராணி மணந்தால் வெளியேறவும்' என்று யாரோ பகிடிக்குக் கிறுக்கியிருந்த பழைய சட்டத் தாளைக் கிழித்து எறிந்தார்கள். சாம்பிராணி காட்டுவது எட்டாவது படியாயிற்று.

"அப்ப என்ர மாஸ்க்கைத் தருவினமோ?" என்று லக்சிகாவிடம் கேட்டார் தியாகலிங்கம்.

"அங்கிள், அது இப்ப ஒரிஜினல் சாம்பிளாம். மியூசியம் பீஸ் மாதிரி. லிற்றரலி தொடவும் ஏலாது."

ஸ்ரீஸ்கந்தராசாவை ஸ்காபரோவுக்கு அனுப்பி, பிளாசாக் கடையொன்றில் சாம்பிராணியும் கரண்டில் சூடேறும் தூபக்காலும் வாங்குவித்தார்கள். முதல் நாள் மையத்துக்குள் புகை போட்டதும் தீ மணி அடித்து, தொழிற்சாலை இரண்டாவது தடவையாகப் பனிக்குள் ஓடியது. தீயணைப்பு வண்டி வந்தது. முழு உடுப்போடு உள்ளே பாய்ந்தவர்கள், வரிசையாகப் படுத்திருந்த மாஸ்க்குகளுக்கு நடுவே வெள்ளை மேலங்கியோடு தூபக்கால் பிடித்துக்கொண்டு நின்ற வேரோனிக்காவைக் கண்டு தொப்பியைக் கழற்றினார்கள். ஏதோ செத்தவீடு என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த நாளிலிருந்து மையத்தின் புகையறிகருவியை மூடிக் கட்டிவிட்டுக் கிரியை தொடர்ந்தது. வேலை தொடங்குமுன் எல்லாரும் வரிசையில் நிற்க, வேரோனிக்கா ஒவ்வொரு மாஸ்க்குக்கும் மூன்று சுற்றுப் புகை காட்டிக் கையில் கொடுப்பார். முதலில் நின்ற ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பழக்கதோஷம் விடவில்லை. தூபக்காலைக் கண்டதும் இரண்டு கையாலும் புகையை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்ற போலந்துக்காரரும், அவருக்குப் பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ் பெண்ணும் அதுவும் ஒரு படி என்று நினைத்து அப்படியே செய்தார்கள். சீமோன் பரபரவென்று எழுதிக்கொண்டார். அடுத்த பதிப்புக் கையேட்டில், மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று சோதிக்கும் முறையாக அது படத்தோடு வந்தது.

"அண்ணை, நீங்கள் இப்ப ஒரு படி" என்றார் தியாகலிங்கம், இருமலுக்கு இடையில்.

"பகிடியை விடும். எனக்குப் புண்ணியம் சேருது" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. சிரிக்கவில்லை.

புகை போதவில்லை என்று சீமோனுக்கு ஒரு குறை இருந்தது. விசிறும் அறையின் பெரிய காற்றாடி பக்கத்து அறைப் புகையையும் சேர்த்து இழுத்துக் கூரைக்கு மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆகவே எட்டாவது படிக்கு முன்னர் காற்றாடியை நிறுத்த வேண்டும் என்று சேர்த்தார்கள். திரும்பப் போட வேண்டும் என்பதைச் சேர்க்க மறந்தார்கள். போடுவது எந்தப் படியிலும் இல்லை. முதல் சில நாட்கள் யாரோ கைப்பழக்கத்தில் போட்டுவிட்டார்கள். பிறகு, படியில் இல்லாத வேலையைச் செய்ததற்காக அந்த யாரோவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பில்டர்களும் மாற்றப்படவில்லை. முன்பெல்லாம் மணம் வந்தால் மாற்றுவார்கள். இப்போது மணம் எப்போதும் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை காற்றாடி ஓடவில்லை. வார்னிஷ் மூட்டம் அறைக்குள்ளேயே சுருண்டு நின்றது. தளர்ந்த மாஸ்க்குக்குள் தியாகலிங்கத்துக்கு முதலில் சாம்பிராணி மணந்தது. அதற்குப் பின்னாலிருந்து மெல்ல, சாமிக்குப் பின்னால் ஒளிந்து வரும் திருடன் மாதிரி, தின்னர் மணந்தது.

கதவடிக்குப் போனார். கதவிலிருந்த கண்ணாடிக்கு அப்பால் வேரோனிக்காவும் சீமோனும் லக்சிகாவும் நின்றார்கள். அன்று தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தினர் சிலர் மையத்தைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"தின்னர் மணக்குது!" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கத்தினார்.

லக்சிகா ஆங்கிலத்தில் சொல்ல, வேரோனிக்கா ஒலிபெருக்கியில் கேட்டார்: "அடிப்படை மணம் வருகிறதா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். தலையாட்டினார்.

"அப்படியானால் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்றார் வேரோனிக்கா. விருந்தினரைப் பார்த்து, "கவனித்தீர்களா? அவருடைய மூக்கு விழித்திருக்கிறது" என்றார்.

தியாகலிங்கம் திரும்பி வந்தார். தான் மட்டும் வெளியே போகலாம். கடிதம் வரும், வேலையும் போகலாம், அது பிறகு பார்க்கும் விஷயம். ஆனால் மணி அடிக்காமல் மற்றவர்கள் வர மாட்டார்கள். மணி வேரோனிக்காவின் கையில் இருந்தது.

"அண்ணை, வாங்கோ வெளியால போவம்" என்று ஸ்ரீஸ்கந்தராசாவின் தோளைப் பிடித்தார்.

ஸ்ரீஸ்கந்தராசா திரும்பினார். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களும் இடுங்கியிருந்தன. தோள்கள் குலுங்கின. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தியாகு, உந்தக் கதவைப் பாரும். என்னைப் பாத்துக் கண்ணடிக்குது."

"அண்ணை!"

"நல்ல கதவு காணும்! மரியாதையான கதவு!" என்று சொல்லி, வார்னிஷ் துப்பாக்கியாலேயே அந்த அலுமாரிக் கதவுக்கு மூன்று சுற்றுத் தூபம் காட்டினார். அங்கால் போலந்துக்காரரும் எதையோ பார்த்துக் குலுங்கினார். பிலிப்பைன்ஸ் பெண் சுவரோடு சாய்ந்து மெல்ல வழுகிக் கீழே குந்தினாள். தியாகலிங்கத்துக்குமே வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பி வந்தது. அவருக்குச் சிரிக்க ஒரு காரணமும் இல்லை. அதுதான் அவரைப் பயப்படுத்தியது. இத்தனை வருடம் பக்கத்தில் நின்று ஒருநாளும் சிரிக்காத மனிதர் சிரிக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அவர் சிரிப்பதையும் நிறுத்திவிடுவார்.

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சை இழுத்தார். சாம்பிராணி, தெளிவாக, பளிச்சென்று மணந்தது.

"மணக்கேல்லை!" என்று கத்தினார். "சாம்பிராணி மணக்கேல்லை! ஒண்டும் மணக்கேல்லை!"

லக்சிகாவின் வாய் திறந்தது. அவளுக்குத் தெரியும், அந்த அங்கிள் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஒரு கணம் அவரைப் பார்த்தாள். சுவரோரம் குந்தியிருந்த பெண்ணைப் பார்த்தாள். பிறகு அவரைவிடப் பலமாக ஆங்கிலத்தில் கத்தினாள்: அடிப்படை மணம் போய்விட்டது!

சீமோன் குழறினார். விருந்தினர் வாசலைத் தேடினார்கள். வேரோனிக்கா இரண்டு கையாலும் மணியை அமுக்கினார். தொழிற்சாலை மூன்றாவது தடவையாகப் பனிக்குள் ஓடியது. தியாகலிங்கமும் லக்சிகாவும் ஸ்ரீஸ்கந்தராசாவை ஆளுக்கொரு கையில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். குளிர்காற்று முகத்தில் அறைந்ததும் அவர் நிமிர்ந்தார், நாலைந்து தடவை ஓங்காளித்தார், சுற்றிப் பார்த்தார்.

"என்னை ஏன் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

"நீங்கள் சிரிச்சனீங்கள் அண்ணை."

"விசர்க் கதை கதையாதையும்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

காற்றாடி ஓடாததை அம்புலன்ஸில் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அந்தக் காற்றாடியை எந்தக் காரணத்துக்கும் நிறுத்த முடியாதபடி சுவிட்சைப் பூட்டிவைத்தார்கள். புது பில்டர்கள் வந்தன. விருந்தினர் நேரில் பார்த்துவிட்டதால் இதையெல்லாம் தவிர்க்க முடியவில்லை. தவறு எங்கே நடந்தது என்ற கேள்வி வருவதற்கு முன்பே வேரோனிக்கா பாராட்டு விழா ஒன்று வைத்தார்.

"எங்கள் அமைப்பு முழுமையாக வேலை செய்தது" என்று பேசினார். "அடிப்படை மணம் என்ற ஒன்றை நாங்கள் உருவாக்கியிருக்காவிட்டால், அது காணாமல் போயிருக்க முடியுமா? அது காணாமல் போயிருக்காவிட்டால், இவர் அறிவித்திருக்க முடியுமா?" கைதட்டினார்கள். சீமோன் தலையாட்டினார். தியாகலிங்கத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டயம் கொடுத்தார்கள். அதில் ஒரு மூக்குச் செதுக்கியிருந்தது. அது அவருடைய மூக்கைப் போல இல்லை, நடு அளவு.

விழா முடிந்ததும் லக்சிகா அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"அங்கிள், ஒரு சின்னப் பிரச்சினை. எல்லாருக்கும் மணந்திருக்கு, உங்களுக்கு மட்டும்தான் மணக்கேல்லை. ஸோ, உங்கட மூக்கு வேலை செய்யேல்லை எண்டு சிஸ்டத்தில போட்டாச்சு."

"அப்ப வேலை போச்சோ பிள்ளை?"

"இல்லை இல்லை. அவைக்கு இப்ப உங்களைத்தான் ஆகலும் பிடிச்சிருக்கு. மணக்காத ஆள் முறைப்பாடு சொல்லாதாம். அந்தப் புகை உங்களுக்கு வேஸ்ற் எண்டு உங்களை எட்டாம் படியிலயிருந்து எடுத்திட்டினம். மையத்தில உங்களுக்குத் தட்டும் இல்லை." அவள் பின்னால் மறைத்து வைத்திருந்ததை நீட்டினாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து விடுதலையான சின்ன மாஸ்க். "உங்கட மாஸ்க்கை நீங்களே வீட்டில கழுவச் சொல்லினம். பட், அங்கிள், ஆராவது கேட்டா, உங்களுக்குச் சாம்பிராணி மணக்காது. ஓகே?"

"ஓம் பிள்ளை" என்றார் தியாகலிங்கம்.

அன்று வெள்ளிக்கிழமை. மாஸ்க் சாப்பாட்டுப் பையில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து, ஸ்காபரோவுக்கு வந்தது. பெட்டிக்குள்ளும் புகுந்திருந்த மையத்துப் புகை அதில் ஒட்டியிருந்தது. ரதி அதை வாங்கி மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஆற்ற சாம்பிராணி உது? சும்மா மரத்தூள். கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திப்போட்டான்."

இரண்டு தண்ணீரில் கழுவினார். காயவைத்தார். வீடெல்லாம் புகை காட்டிக்கொண்டு வந்து, கடைசியில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த மாஸ்க்குக்கு முன்னால் நின்று யோசித்தார்.

"காட்டவோ, விடவோ?"

"காட்டும்."

காட்டினார். தியாகலிங்கம் அதைக் கழற்றி முகத்தில் போட்டுப் பார்த்தார். தாடையில் பல்லி போல ஒட்டியது. நீளமாக இழுத்தார். இருமல் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்.

"மணக்குதோ?" என்று கேட்டார் ரதி.

தியாகலிங்கம் சன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு மனைவியின் காதருகே குனிந்து, மாஸ்க்குக்குள்ளிருந்தே இரகசியமாகச் சொன்னார்:

"மணக்குது."